புள்ளியும் பட்டையும் போட்ட பாம்பர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டாம் உலகப்போர்ப் படங்களைப் புரட்டும்போது சில படங்கள் மட்டும் சட்டென்று கண்ணில் மாட்டும். நான்கு எஞ்சின் வைத்த பெரிய குண்டுவீச்சு விமானம் ஒன்று நிற்கும். உடம்பு முழுக்க மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை அடித்திருப்பார்கள், இல்லையென்றால் ஆள் உயரத்துக்குப் பொட்டு வைத்திருப்பார்கள். சர்க்கஸ் விமானம் என்று சிரித்துவிட்டுப் பகிர்கிறவர்கள்தான் அதிகம். எனக்கு அதில் வருத்தம் உண்டு, ஏனென்றால் அந்தப் பெயிண்டுக்குப் பின்னால் இருப்பது உயிர் காக்கும் வேலை. இங்கிலாந்திலிருந்து பறந்த அமெரிக்க எட்டாவது விமானப்படையின் இந்த விமானங்களைப் பற்றி வழக்கமாக வரும் கேள்விகளையும் பதில்களையும் கீழே தருகிறேன்.

இவை என்ன விமானங்கள்? எதற்காக இப்படி அடித்தார்கள்?

அசெம்பிளி ஷிப் என்பது இவற்றின் பெயர். ஃபார்மேஷன் ஷிப் என்றும் சொல்வார்கள். சண்டைக்கு இனி உதவாது என்று ஒதுக்கப்பட்ட பழைய பாம்பரை எடுத்துத் துப்பாக்கிகளைக் கழற்றுவார்கள். கண்ணைப் பறிக்கும் நிறத்தில் பெயிண்ட் அடித்து, பக்கவாட்டில் விளக்குகள் பொருத்துவார்கள். தாக்குதல் நாளன்று, ஒரே தளத்திலிருந்து கிளம்பும் விமானக் குழுவை ஒன்று சேர்க்க அதைத்தான் மேலே அனுப்புவார்கள். குழுவின் மற்ற விமானங்கள் அதைத் தேடிக் கண்டுபிடித்து அதன் பின்னால் வரிசை சேரும். வரிசை அமைந்ததும் வண்ண விமானம் தளத்துக்குத் திரும்பிவிடும், மற்றவை ஜெர்மனியை நோக்கிப் போகும்.

தனித்தனியாகப் போனால் என்ன? ஏன் வரிசை கட்டாயம்?

பிரிட்டிஷ் பாம்பர்கள் இரவில் தனித்தனியாகத்தான் போயின, இருட்டு அவற்றை மறைத்தது. அமெரிக்கர்கள் பகலில் குண்டு வீசுவது என்று முடிவெடுத்திருந்தார்கள். பகலில் மறைவு என்று எதுவும் இல்லை. பக்கத்தில் பறக்கும் விமானத்தின் துப்பாக்கிகள்தான் காவல்.

பி-24 லிபரேட்டர் என்ற அமெரிக்க பாம்பரின் பிந்தைய மாடல்களில் 0.50 அங்குல இயந்திரத் துப்பாக்கிகள் பத்து இருந்தன. ஒற்றை விமானத்துக்கு அது போதாது. பல விமானங்கள் மேலும் கீழுமாக, பக்கவாட்டில் நெருக்கமாக அடுக்கிப் பறந்தால், எந்தத் திசையிலிருந்து எதிரிப் போர் விமானம் வந்தாலும் பல துப்பாக்கிகள் ஒரே நேரத்தில் அதன் மேல் திரும்பும். குண்டு வீசுவதும் வரிசையை நம்பித்தான் இருந்தது. முன்னால் போகும் தலைமை விமானம் குண்டை விடுவித்த நொடியில் மற்றவையும் விடுவிக்கும். வரிசை சிதறினால் குண்டுகளும் சிதறும்.

வரிசையை விட்டு விலகினால் என்ன ஆகும் என்பதற்கு 1944 செப்டம்பர் 27 ஒரு கொடிய சாட்சி. காசெல் நகரத்தைத் தாக்கப் போன 445-ஆவது குழு வழி தவறி, முக்கிய வரிசையிலிருந்து தனியாகப் பிரிந்துவிட்டது. ஜெர்மன் போர் விமானங்கள் கூட்டமாகப் பாய்ந்தன. போன 35 லிபரேட்டர்களில் 25 ஜெர்மன் மண்ணில் விழுந்தன. அன்று தன் தளமான டிபன்ஹாமுக்குத் திரும்பி வந்தவை வெறும் 4.

சரி, மேலே ஏறி ஒன்று சேர்வதில் அப்படி என்ன கஷ்டம்?

எனக்குத் தெரிந்து இந்தக் கதையில் பலரும் கவனிக்காமல் விடுவது இதைத்தான். எதிரியைப் பார்ப்பதற்கு முன்பே, சொந்த ஊர் வானத்திலேயே, விமானங்கள் ஒன்றோடொன்று மோதிச் செத்தவர்கள் நிறையப் பேர்.

எட்டாவது விமானப்படையில் லிபரேட்டர்களை ஓட்டிய பிரிவான இரண்டாவது டிவிஷனுக்கு நார்ஃபோக் பகுதியிலும் அதை ஒட்டிய சஃபோக்கிலும் பதினான்கு குழுக்கள் இருந்தன. தளங்கள் சில மைல் இடைவெளியில் நெருங்கிக் கிடந்தன. ஒரு தளத்தின் விமானங்கள் வட்டமடித்து ஏறும் இடத்துக்கு மிக அருகிலேயே அடுத்த தளத்தின் விமானங்களும் வட்டமடிக்கும். பெரிய தாக்குதல் நாட்களில் வானத்தில் இருந்த விமானங்களின் எண்ணிக்கையை இன்று கற்பனை செய்வதே கடினம். 1944 டிசம்பர் 24 அன்று மட்டும் எட்டாவது விமானப்படை இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கனரக பாம்பர்களை மேலே அனுப்பியது.

அப்புறம் அந்த ஊர் வானிலை. கிழக்கு இங்கிலாந்தின் மேல் மேகம் பல நாட்களில் தரையிலிருந்து சில நூறு அடியிலேயே தொடங்கிப் பல்லாயிரம் அடி வரை தடித்துக் கிடக்கும். குளிர்காலத்தில் விடிவதற்கு முன்பே புறப்பட்டாக வேண்டும். குண்டும் பெட்ரோலும் நிறைந்த விமானங்கள் அரை நிமிடம், ஒரு நிமிடம் இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுபாதையை விட்டு எழும்பும். எழும்பிய கொஞ்ச நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே வெறும் வெள்ளை. மணிக்கு 150 மைல் வேகம், நிமிடத்துக்கு 300 அடி ஏற்றம் என்று வகுத்த கணக்கைப் பிடித்துக்கொண்டு, கருவிகளை மட்டும் பார்த்து விமானி ஏறுவார். பன்ச்சர் (Buncher) என்ற பெயரில் இருந்த சிறு ரேடியோ பீக்கன்கள் தரையிலிருந்து சிக்னல் அனுப்பும், அதைச் சுற்றியே வட்டமடிக்க வேண்டும். முன்னால் போகிறவர் வேகத்தைச் சற்றுக் குறைத்தாலோ, பின்னால் வருகிறவர் கொஞ்சம் அகலமாகத் திரும்பினாலோ முடிந்தது கதை. மோதப்போவது கண்ணுக்குத் தெரியும்போது தப்பிக்க நேரம் இருக்காது. பின்பக்கத் துப்பாக்கிக்காரர் ஆல்டிஸ் என்ற சிக்னல் விளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு, பின்னால் வரும் விமானத்துக்குத் தெரியட்டும் என்று மின்னிக்கொண்டே இருப்பார்.

லிபரேட்டரின் குணமும் இதற்கு ஒத்துழைக்கவில்லை. நீண்டு ஒடுங்கிய இறக்கை அதற்கு வேகத்தையும் தூரத்தையும் கொடுத்தது. ஆனால் பாரத்தோடு உயரத்தில் பறக்கும்போது கட்டுப்பாடுகள் கனத்துப்போகும். பக்கத்து விமானத்தோடு இடைவெளி பிசகாமல் மணிக்கணக்காகப் பறந்தால் விமானியின் தோள்கள் கழன்றுவிடும் போலாகும். பி-17 என்ற இன்னொரு அமெரிக்க பாம்பரை ஓட்டியவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு.

மேகத்தைத் தாண்டி வெளிச்சத்துக்கு வந்தாலும் வேலை முடிவதில்லை. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை ஒரே மாதிரி லிபரேட்டர்கள், எல்லாத் திசையிலும் சுற்றிக்கொண்டிருக்கும். ரேடியோவில் பேசிக் கேட்கவும் முடியாது. எதிரி ஒட்டுக் கேட்பான் என்பதால் மௌனம் கட்டாயம். இதில் நம் குழு எது?

அந்தக் கேள்விக்குத்தான் பெயிண்டா?

ஆமாம். திருவிழாக் கூட்டத்தில் தன் ஊர்க்காரர்களைத் தொலைக்காமல் கூட்டிப்போகிறவர் கையில் ஒரு கொடியை உயர்த்திப் பிடிப்பது போலத்தான் இது. மேலே வரும் ஒவ்வொரு விமானியும் தேட வேண்டியது தன் தளத்தின் பட்டையையோ புள்ளியையோ மட்டும்தான்.

இந்த ஏற்பாடு எப்போது தொடங்கியது?

ஒவ்வொரு குழுவுக்கும் இப்படி ஒரு விமானம் வைத்துக்கொள்ள இரண்டாவது டிவிஷன் 1944 பிப்ரவரியில் அனுமதி கொடுத்தது. அந்த மாதங்களில் அமெரிக்காவிலிருந்து புதுப்புதுக் குழுக்கள் வந்து இறங்கிக்கொண்டிருந்தன, வானத்தில் நெரிசல் நாளுக்கு நாள் கூடியது. பழைய ஆட்களே திணறிய வேலையில் புதிதாக வந்த இளம் விமானிகள் என்ன செய்வார்கள்? அதனால்தான் அந்த நேரத்தில் அவசரமாக இந்த முடிவு.

ஏன் பழைய விமானத்தையே எடுத்தார்கள்?

புது விமானம் ஒன்றைக் குண்டில்லாமல் சும்மா பறக்கவிட யாருக்கு மனசு வரும்? அது ஒரு காரணம். இன்னொன்று, பழைய பி-24டி மாடல்கள் அப்போது சண்டைக்குத் தகுதி இழந்திருந்தன. டி மாடலின் மூக்கு கண்ணாடிக் கூண்டு, அங்கே சுழலும் துப்பாக்கி மேடை கிடையாது. ஜெர்மன் விமானிகள் இதைப் புரிந்துகொண்டு நேர் முன்னாலிருந்து பாய ஆரம்பித்தார்கள். அதைச் சமாளிக்கத்தான் எச், ஜே மாடல்களில் மூக்கிலேயே துப்பாக்கி மேடை வைத்தார்கள். அவை வந்ததும் டி மாடல்கள் ஓரமாக நின்றன.

முதலில் கொடுக்கப்பட்டவை 44, 93, 389 ஆகிய மூன்று பழைய குழுக்களின் விமானங்கள். இந்த மூன்று குழுக்களும் 1943 ஆகஸ்ட் 1 அன்று லிபியாவின் பெங்காசியிலிருந்து கிளம்பி, ருமேனியாவின் ப்ளோயெஷ்டி எண்ணெய் ஆலைகளை மரத்தின் உயரத்தில் பறந்து தாக்கியவை. அன்று புறப்பட்ட 177 லிபரேட்டர்களில் ஐம்பதுக்கு மேல் திரும்பவில்லை. அந்தத் தீயில் புகுந்து வந்த விமானங்களில் சிலதான் பிறகு பட்டையும் பொட்டும் போட்டுக்கொண்டு நார்ஃபோக் வானத்தில் சுற்றின. இதைத் தெரிந்துகொண்டு அந்தப் படங்களைப் பாருங்கள், சிரிப்பு வராது.

என்னென்ன டிசைன்கள் இருந்தன? பெயர்களும் உண்டாமே?

உண்டு, பெயர்களும் பிரமாதமானவை.

ஷிப்டம் தளத்தின் 44-ஆவது குழுவிடம் இருந்தது லெமன் டிராப். உடம்பைச் சுற்றியும் இறக்கை மேலும் மஞ்சளும் கறுப்பும் மாறி மாறி அகலப் பட்டைகள். இவ்வளவு எளிமையான டிசைன்தான் தூரத்திலிருந்து நன்றாகத் தெரியும் என்று நினைக்கிறேன், மேகத்தின் வெள்ளையிலும் எடுபடும், கீழே வயலின் பச்சையிலும் எடுபடும். ஹார்ட்விக் தளத்தின் 93-ஆவது குழு பால் ஆஃப் ஃபயர் என்ற தன் பழைய சண்டை விமானத்துக்கே பட்டை போட்டது. ஹெதல் தளத்தின் 389-ஆவது குழு பச்சையும் மஞ்சளுமாகப் பட்டை அடித்து கிரீன் டிராகன் என்று பெயர் வைத்தது.

அதிகம் பகிரப்படும் படம் ஹோர்ஷம் செயின்ட் ஃபெய்த் தளத்தின் 458-ஆவது குழுவுடையது. பெயர் ஃபர்ஸ்ட் சார்ஜென்ட். படைவீரர்களைக் காலையில் வரிசையில் நிறுத்துகிறவர் ஃபர்ஸ்ட் சார்ஜென்ட்தான், விமானத்துக்கும் அதே வேலை. படத்தை நெருக்கமாகப் பார்த்தால் மூக்கிலிருந்து முன்பாதி முழுக்க வெள்ளை அடித்து, அதன் மேல் சிவப்பும் நீலமுமாகப் பெரிய பெரிய பொட்டுகள் வைத்திருப்பது தெரியும். ஜன்னல், மடிப்பு, மூட்டு என்று எதையும் பொருட்படுத்தாமல் பொட்டு தன் பாட்டுக்குப் போகிறது. வரைந்தவர்கள் தரையில் எஞ்சினும் சக்கரமும் பார்க்கும் மெக்கானிக்குகளாகத்தான் இருந்திருப்பார்கள், ஆனாலும் எத்தனை பொறுமை!

சீதிங் தளத்தின் 448-ஆவது குழு தன் கட்டம் போட்ட விமானத்துக்கு வைத்த பெயர் யூ காண்ட் மிஸ் இட். 'கண்ணில் படாமல் போகாது' என்பதைப் பிரிட்டிஷ்காரர்களின் இழுவை உச்சரிப்பில் சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். ரேக்ஹீத் தளத்தின் 467-ஆவது குழுவிடம் பீட் தி பாம் இன்ஸ்பெக்டர் என்ற விமானம். பாம் என்றால் இங்கே குண்டு அல்ல, வெளிநாட்டுக்கு அனுப்புவதற்கு முன் படையைச் சோதித்துப் பார்க்கும் ஏற்பாட்டின் முதலெழுத்துகள். எதைப் பார்த்தாலும் குறை சொல்லும் அந்த இன்ஸ்பெக்டரைக் கிண்டல் செய்து வைத்த பெயர். 491-ஆவது குழுவின் லிட்டில் கிராம்பர் மஞ்சள் உடம்பில் சிவப்புப் பொட்டு. பங்கே தளத்தின் 446-ஆவது குழுவில் ஃபியர்லெஸ் ஃபிரெடி.

உள்ளே என்னென்ன மாற்றினார்கள்? யார் யார் பறந்தார்கள்?

துப்பாக்கிகளையும் கவசத் தகடுகளையும் கழற்றிவிடுவார்கள். சிலவற்றில் வாலில் இருந்த துப்பாக்கி மேடையையே எடுத்துவிட்டார்கள். விமானம் லேசாகிவிடும், பாரத்தோடு திணறி ஏறும் மற்றவற்றை விட எளிதாக மேலே போகும்.

உடம்பின் இரண்டு பக்கமும் வெள்ளை விளக்குகளைக் குழுவின் அடையாள எழுத்து வடிவில் பொருத்துவார்கள். 458-க்கு கே, 44-க்கு ஏ, 467-க்கு பி என்று ஒவ்வொரு குழுவுக்கும் ஓர் எழுத்து இருந்தது. விடியலின் அரைகுறை வெளிச்சத்தில் பெயிண்ட் தெரியாது, இந்த மின்னும் எழுத்துதான் தெரியும்.

அதோடு பெட்டி பெட்டியாக ஃபிளேர், அதாவது வானத்தில் சுட்டால் நிறமாக எரியும் வெளிச்சக் குண்டுகள். ஒவ்வொரு குழுவுக்கும் ஒதுக்கப்பட்ட நிறச் சேர்க்கை உண்டு, அந்த நிறத்தில் வானத்தில் சுட்டுக்கொண்டே இருக்க வேண்டும். வழக்கமாகப் பத்துப் பேர் பறக்கும் லிபரேட்டரில் இங்கே இரண்டு விமானிகள், ஒரு நேவிகேட்டர், ஒரு ரேடியோ ஆபரேட்டர், ஃபிளேர் சுட ஒருவர் அல்லது இருவர், அவ்வளவுதான். சில குழுக்களில் வால் பக்கம் ஓர் அதிகாரி உட்கார்ந்து வரிசை எப்படி அமைகிறது என்று பார்த்துக்கொண்டு வருவார். தப்பான இடத்தில் யார் தொங்குகிறார், யார் பின்தங்குகிறார் என்பது அங்கிருந்து நன்றாகத் தெரியும்.

தாக்குதல் நாளன்று அதன் வேலை எப்படி நடக்கும்?

வண்ண விமானம் மேகத்துக்கு மேலே, குறித்துக் கொடுத்த உயரத்தில், தன் குழுவின் பீக்கனைச் சுற்றி வட்டமடிக்கத் தொடங்கும். வேகமும் திருப்பமும் சீராக இருக்க வேண்டும். அது தடுமாறினால் பின்னால் வருகிறவர்கள் எல்லோரும் தடுமாறுவார்கள். உள்ளேயிருந்து சில நிமிடத்துக்கு ஒரு ஃபிளேர் போகும்.

மேகத்திலிருந்து ஒன்றிரண்டாக லிபரேட்டர்கள் தலைகாட்டும். ஃபிளேரைப் பார்க்கும், பட்டையைப் பார்க்கும், வட்டத்தின் குறுக்கே வெட்டிக்கொண்டு வந்து இடம் பிடிக்கும். வரிசையில் யாருக்கு எந்த இடம் என்பது விடியற்காலைக் கூட்டத்திலேயே படம் போட்டுச் சொல்லப்பட்டிருக்கும். முப்பது நாற்பது விமானங்கள் இப்படிச் சேர ஒரு மணி நேரம் ஆகும், கெட்ட நாளில் இன்னும் கூடுதல். அதன் பிறகு இரண்டு மூன்று குழுக்கள் சேர்ந்து ஒரு விங், விங்குகள் சேர்ந்து டிவிஷன் வரிசை. கடற்கரையைக் குறித்த நிமிடத்தில் தாண்டியாக வேண்டும். நேரம் மிச்சமிருந்தால் வளைந்து வளைந்து போய் அதைக் கழிப்பார்கள்.

வரிசை உருப்பட்டதும் வண்ண விமானம் விலகித் திரும்பும். அதில் இருந்தவர்களுக்கு அன்று மதியச் சாப்பாடு உறுதி, வரிசையில் போனவர்களுக்கு அப்படிச் சொல்ல முடியாது. அந்த வித்தியாசம் இரு தரப்புக்கும் தெரிந்தே இருந்தது. வண்ண விமானங்களுக்கு யூதாஸ் ஆடு என்ற பட்டப்பெயர் வந்ததும் அதனால்தான். அமெரிக்கக் கசாப்புக் கூடங்களில் மந்தையை உள்ளே கூட்டிக்கொண்டு போய்விட்டுத் தான் மட்டும் வெளியே வரப் பழக்கிய ஆட்டுக்கு அந்தப் பெயர்.

இவ்வளவு பளிச்சென்று இருந்தால் எதிரி சுட்டுவிட மாட்டானா?

எதிரி இருக்கும் இடத்துக்கு அது போகவே போகாது. பிரிட்டனின் மேலேயே வட்டமடித்துவிட்டுத் திரும்பிவிடும். இன்னொரு விஷயம், 1944 தொடக்கத்திலிருந்தே அமெரிக்கர்கள் சண்டை விமானங்களுக்கே மறைப்பு பெயிண்ட் அடிப்பதைக் கைவிட்டு, அலுமினியத்தின் பளபளப்போடு பறக்கவிட ஆரம்பித்துவிட்டார்கள்.

அப்படியானால் அதில் பறந்தவர்களுக்கு ஆபத்தே இல்லையா?

இருந்தது. மோதும் ஆபத்து அவர்களுக்கும் உண்டு, மொத்தக் கூட்டமும் தேடி வருவது அவர்களைத்தானே. விமானமும் பழையது, எஞ்சின் தேய்ந்தது.

ஆனால் பெரிய வில்லன் உள்ளேயே இருந்த ஃபிளேர்தான். காலியான உடம்புக்குள் பெட்டிகளை அடுக்கி வைத்துக்கொண்டு, குலுங்கும் விமானத்தில் நின்றபடி துப்பாக்கியில் போட்டுச் சுட வேண்டும். கை தவறி உள்ளேயே வெடித்த சம்பவங்கள் நடந்தன. அப்படி ஒரு ஃபிளேர் தீப்பற்றித்தான் 1944 மே மாதம் ஃபர்ஸ்ட் சார்ஜென்ட் எரிந்து போனது. இதற்கெல்லாம் பிறகு சில விமானங்களில் ஃபிளேர் துப்பாக்கிகளை உடம்பின் பக்கச் சுவரிலேயே நிரந்தரமாகப் பொருத்திவிட்டார்கள். 458-ஆவது குழு அடுத்து ஓர் எச் மாடலுக்குப் பொட்டு வைத்தது, அதுவும் 1945 மார்ச்சில் தளத்திலேயே விபத்தில் போனது. 491-ஆவது குழுவின் ரேஜ் இன் ஹெவன் 1945 ஜனவரியில் பனி நாளொன்றில் புறப்படும்போதே விழுந்து நொறுங்கியது. வீடு திரும்பும் வேலை என்று நினைத்து ஏறியவர்களுக்கு அந்த முடிவு.

லெமன் டிராப் மட்டும் கெட்டிக்காரி. 1942-இல் குழுவோடு இங்கிலாந்துக்கு வந்தது, போர் முடியும் வரை ஷிப்டமிலேயே இருந்தது.

பி-17 குழுக்களும் இப்படிச் செய்தனவா?

செய்தன, ஆனால் இந்த அளவுக்கு இல்லை. கிம்போல்டன் தளத்தின் 379-ஆவது குழு பர்மிங்ஹாம் பிளிட்ஸ்கிரீக் என்ற பழைய பி-17ஈ விமானத்துக்குப் பட்டை அடித்து இதே வேலைக்கு வைத்துக்கொண்டது. வேறு சில இடங்களில் பி-47 தண்டர்போல்ட் போர் விமானத்தில் ஓர் அதிகாரி சுற்றி வந்து வரிசையைச் சரிபார்ப்பார். வண்ணத்தில் இறங்கி விளையாடியவர்கள் லிபரேட்டர்காரர்கள்தான். அவர்களுக்குத் தேவையும் அதிகம்.

உண்மையிலேயே பலன் கிடைத்ததா?

மேகமில்லாத நாளிலும், மேகத்துக்கு மேல் தெளிவான இடம் கிடைத்த நாளிலும் நிச்சயமாகக் கிடைத்தது. ரேடியோ பீக்கன் 'இந்தப் பக்கம் வா' என்று மட்டும் சொல்லும், அங்கே வந்த பிறகு எந்தக் கூட்டத்தில் சேர்வது என்று அது சொல்லாது. அந்தக் கடைசி வேலைக்குக் கண்தான் வேண்டும், கண்ணுக்கு ஓர் அடையாளம் வேண்டும். மேகம் இருபதாயிரம் அடிக்கு மேலும் நீண்ட நாட்களில் இதனாலும் பெரிய பயன் இல்லை. ஜீ என்ற பிரிட்டிஷ் ரேடியோ வழிகாட்டிக் கருவி அந்த நாட்களில் அதிகம் உதவியது. சண்டை விமானங்களின் வாலிலும் 1944-இல் குழுவுக்கு ஒரு நிறம், ஒரு பட்டை என்று அடையாளம் போட்டார்கள், அதுவும் தேடுவதைச் சுலபமாக்கியது.

மோதல்கள் அடியோடு நிற்கவில்லை, போரின் கடைசி மாதம் வரை நடந்தன. ஆனாலும் போர் முடியும் வரை குழுக்கள் இந்த விமானங்களை விடவில்லை. ஒன்று விழுந்தால் அடுத்ததற்குப் பெயிண்ட் அடித்தார்கள். எஞ்சினுக்கும் ஆளுக்கும் தட்டுப்பாடு இருந்த நேரத்தில் அப்படிச் செய்ததே அவற்றின் மதிப்பைச் சொல்கிறது.

லிபரேட்டர் நம் பக்கம் வந்ததுண்டா?

வண்ண விமானங்கள் வரவில்லை, லிபரேட்டர் வந்தது. போரின் பிற்பகுதியில் பிரிட்டிஷ் விமானப்படையின் லிபரேட்டர்கள் சென்னை பரங்கிமலையிலிருந்தும், இலங்கையில் காங்கேசன்துறை, மின்னேரியா தளங்களிலிருந்தும் கடலுக்கு மேல் பறந்தன.

போருக்குப் பிறகு நடந்தது இன்னும் சுவையானது. கான்பூரில் ஏராளமான லிபரேட்டர்களை, இனி யாரும் ஓட்ட முடியாதபடி சேதப்படுத்திக் கைவிட்டுப் போனார்கள். ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனம் அவற்றில் தேறியவற்றை ஒட்டுப்போட்டு பெங்களூருக்குப் பறக்கவிட்டு முழுதாகச் சரிசெய்தது. இந்திய விமானப்படை அவற்றை 1968 வரை ஓட்டியது. உலகத்தில் இன்று மிஞ்சியிருக்கும் சில லிபரேட்டர்கள் இந்தியாவிலிருந்து போனவைதான். பிரிட்டனின் ராயல் ஏர் ஃபோர்ஸ் மியூசியத்தில் ஒன்று, அரிசோனாவின் பீமா மியூசியத்தில் ஒன்று. பீமாவில் இருப்பதன் மூக்கில் பங்கே பக்கரூ என்று எழுதியிருக்கிறார்கள். மேலே சொன்ன பங்கே தளத்தில் அந்தப் பெயரோடு பறந்த விமானத்தின் நினைவாக.

வண்ண விமானம் ஏதாவது மிஞ்சியிருக்கிறதா?

ஒன்றுகூட இல்லை. போர் முடிந்ததும் உடைத்து உலோகமாக விற்றுவிட்டார்கள். அன்றைக்கு அவை வெறும் தேய்ந்த பழைய விமானங்கள், யாருக்கும் காப்பாற்றத் தோன்றவில்லை. எனக்கு லெமன் டிராப் போனதில்தான் அதிக வருத்தம்.

இடங்களைப் பார்க்கலாம். ஹோர்ஷம் செயின்ட் ஃபெய்த் இன்று நார்விச் விமான நிலையம். ஹெதலில் லோட்டஸ் கார் தொழிற்சாலை இருக்கிறது, கார்களை ஓட்டிச் சோதிக்கும் பாதை பழைய ஓடுபாதையின் மேல்தான் போகிறது. 453-ஆவது குழுவின் தளமாக இருந்த ஓல்ட் பக்கன்ஹாமில் சிறு விமானங்கள் இன்னும் இறங்குகின்றன. நடிகர் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் டிபன்ஹாமிலிருந்து பறந்துவிட்டு, 1944-இல் 453-ஆவது குழுவின் ஆபரேஷன்ஸ் அதிகாரியாக இங்கேதான் வந்தார். சீதிங்கில் பழைய கட்டுப்பாட்டுக் கோபுரத்தைச் சிறு மியூசியமாக வைத்திருக்கிறார்கள். நார்விச் நகரின் நடுவில், ஃபோரம் கட்டடத்தில், இரண்டாவது டிவிஷனின் நினைவு நூலகம் இருக்கிறது. திரும்பாமல் போன ஏறத்தாழ 7,000 பேருக்காக, உயிர் தப்பியவர்கள் போர்க்காலத்திலேயே பணம் திரட்ட ஆரம்பித்து உருவாக்கியது அது.

இந்த விமானங்களின் சிறு மாடல் செய்கிறேன். நிறங்களை எப்படி உறுதிசெய்வது?

ஜாக்கிரதை தேவைப்படும் இடம் இது. கிடைக்கும் படங்களில் பெரும்பாலானவை கறுப்பு வெள்ளை. அன்றைய சில ஃபிலிம்களில் சிவப்பும் மஞ்சளும் கறுப்பு போல விழும், சிலவற்றில் மஞ்சள் வெளுத்துப்போகும். அதனால் ஒரே விமானத்துக்கு ஒருவர் மஞ்சள் பட்டை என்பார், இன்னொருவர் வெள்ளை என்பார். இன்று இணையத்தில் சுற்றும் வண்ணப் படங்களில் பல, பிற்காலத்தில் நிறம் ஏற்றியவை, அவற்றை வைத்து முடிவுக்கு வராதீர்கள். நிஜமான வண்ண ஃபிலிமில் எடுத்தவையும் கொஞ்சம் உண்டு, அவற்றைத் தேடிப் பிடியுங்கள்.

ஒரு விமானத்தின் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் என்றும் நினைக்க வேண்டாம். பொட்டுகளைக் கையால் வைத்ததால் இடம் மாறும், அளவு மாறும். சிலவற்றுக்கு நடுவில் மறுபடி பெயிண்ட் அடித்து டிசைனையும் மாற்றியிருக்கிறார்கள். எனவே முதலில் படம் எடுத்த மாதத்தைப் பாருங்கள், அப்புறம் பிரஷைத் தொடுங்கள். அடியிலிருந்த ஆலிவ் பச்சை ஓரங்களில் தெரிந்தால் அதை அப்படியே விட்டுவிடுங்கள், நிஜ விமானங்களிலும் பல இடங்களில் அது தெரிந்தது.